பஞ்சம் பாடவேளை பார்த்து வரவில்லை

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் அறிவியலும் கலையும் வரலாறும் சேர்ந்த பத்து நாள் முகாம் நடத்தலாமா என்று தேனி மாவட்டத்து வடுகபட்டியில் கேட்டுப் பாருங்கள். வரிசையாக நான்கு பதில் வரும். ‘நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு?’ ‘எல்லாத்தையும் போட்டுக் கலக்குனா எது உருப்படும்?’ ‘நம்மூர்ல பூண்டுச் சந்தைய விட்டா பாக்க என்ன இருக்கு?’ ‘சரிப்பா, யாரு வந்து நடத்துறது, யாரு காசு குடுக்குறது?’

வடுகபட்டியில் மட்டுமல்ல, பெரியகுளத்திலும் போடியிலும் கம்பத்திலும் இதே பதில்கள்தான். டீக்கடையில் சொல்வதும் ஆசிரியர் அறையில் சொல்வதும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. ஊரே சேர்ந்து சொல்வதால் ஒரு கருத்து சரியாகிவிடாது. நான்கில் ஒன்று பயத்தில் பிறந்தது, ஒன்று பாதி உண்மை, ஒன்று வெறும் தாழ்வு மனப்பான்மை, ஒன்று சாக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது பயத்தில் பிறந்தது. அதைக் கேலி செய்வது எளிது, நியாயமல்ல. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. களையெடுக்கப் போகும் தாயும் தன் மகள் டாக்டராவாள் என்று நம்ப அதன்பின் ஒரு காரணம் கிடைத்தது. அந்த நம்பிக்கையை உடைப்பது என் வேலையல்ல. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுவோம். இப்போது ஒன்பதாவது முடித்த பிள்ளை நீட் எழுத இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. கோடை விடுமுறை ஒன்றரை மாதத்தை ஒட்டி வரும். நாம் கேட்பது அதில் பத்து நாள்.

மிச்ச நாட்களில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வசதி இருக்கும் வீட்டில் அடுத்த ஆண்டுப் பாடத்துக்கு இப்போதே டியூஷன். வசதி இல்லாத வீட்டில் கைபேசி. டியூஷன் போகிற பிள்ளை ஒரே பாடத்தைக் கோடையில் ஒரு முறையும், வகுப்பில் ஒரு முறையும், தேர்வுக்கு முன் திருப்புதலில் ஒரு முறையும் கேட்கிறது. மூன்று முறை கேட்டும் மண்டையில் ஏறாத பாடம் நான்காம் முறையில் ஏறப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்குக் குறைவது மணி நேரம் அல்ல, அந்தப் பாடத்தை ஏன் படிக்க வேண்டும் என்ற காரணம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பத்தாவது முடிந்ததும் ‘எந்த குரூப்?’ என்ற கேள்வி வந்துவிடும். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்த பிள்ளை அதன்பின் வரலாற்றுப் புத்தகத்தைத் தொடப்போவதில்லை. தேர்ட் குரூப் எடுத்த பிள்ளைக்கு இயற்பியல் அன்றோடு முடிந்தது. பதினைந்து வயதில் ஒரு பக்கக் கதவை நாமே இழுத்துச் சாத்துகிறோம். இரண்டு பக்கமும் திறந்திருக்கும் கடைசிக் கோடைகள் எட்டாவதும் ஒன்பதாவதும் முடிந்து வருபவைதான். அவற்றையும் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை வாழ்நாளில் அறிவியல், கலை, வரலாறு மூன்றையும் ஒரே இடத்தில் சந்திக்காமலே போய்விடும்.

இரண்டாவது பதில்தான் வலுவானது. கலந்தால் ஆழம் போய்விடும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. காலையில் பிளாஸ்டிக் பாட்டில் ராக்கெட், மதியம் வண்ணம் தீட்டல், மாலையில் கோட்டை பற்றிய வீடியோ, கடைசி நாள் சான்றிதழும் குரூப் போட்டோவும். ‘சம்மர் கேம்ப்’ என்ற பெயரில் நகரங்களில் இப்படி நிறைய விற்கிறார்கள். அதை நானும் எதிர்க்கிறேன். பாடவேளையைப் பள்ளியிலிருந்து எடுத்து வந்து பந்தலுக்கு அடியில் வைத்தால் அது கலவை ஆகாது. மூன்று பாடமும் அங்கே ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

நான் சொல்லும் முகாமில் பாடவேளையே கிடையாது. ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, பத்து நாளும் அதை விடாமல் பிடித்துக்கொள்வது. எது கிடைக்கும் என்று கேட்டால், இந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு மலைகளிலும் தடம் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன்: தாது வருஷப் பஞ்சம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. செத்தவர்களின் கணக்கு லட்சங்களில். மழை ஏன் பொய்த்தது என்று காலனி அரசு யோசித்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்தக் காலத்து அறிஞர் சிலர் நம்பினார்கள். பஞ்சத்தை விசாரித்த ஆணையமும் சூரியனைத் தொடர்ந்து கவனிக்கச் சொன்னது. அந்த யோசனை வளர்ந்து 1899-இல் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமாக நின்றது. வடுகபட்டியிலிருந்து வடக்கே நிமிர்ந்தால் தெரியும் மலைத்தொடரின் உச்சியில் இருக்கிறது அது. புள்ளியை வைத்து மழையைச் சொல்லும் வித்தை கைகூடவில்லை. ஆனால் 1909-இல் அங்கே இருந்த ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகெங்கும் சூரிய இயற்பியலில் அந்த விளைவு அவர் பெயரால்தான் வழங்குகிறது.

அதே பஞ்சம் தெற்கு மலையிலும் வேலை செய்தது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பஞ்சத்துக்கு முன்பே உண்டு. செலவுக்கும் சிரமத்துக்கும் பயந்து கிடப்பில் கிடந்த அதைப் பஞ்சம்தான் உசுப்பிவிட்டது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஐந்து ரூபாய் வாடகை. 1895 அக்டோபரில் அணை திறந்தது. அந்தப் பணியின் கதையை, அதில் வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி எழுதி, 1899-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது.

அதே 1899-இல்தான் சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ அச்சானது. பஞ்சத்தில் அடிபட்டவர்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, என்னால் ஆகாது, சிவகங்கை ஜமீன்தாரிடம் போங்கள் என்று அவரே கைவிரிக்கும் நையாண்டி நூல் அது. செத்துப் பிழைத்த சனம் சாமியையே நக்கல் அடிக்கிறது என்றால், அந்தப் பசி எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை.

ஒரே பஞ்சத்திலிருந்து ஒரு ஆய்வுக்கூடமும் ஒரு அணையின் வரலாறும் ஒரு நையாண்டியும் வந்தன. மூன்றுக்கும் 1899 என்ற ஆண்டு பொது. இப்போது பள்ளி என்ன செய்கிறது? கரும்புள்ளியை இயற்பியலுக்கும், அணையைச் சமூக அறிவியலுக்கும், நூலைத் தமிழுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. மூன்று வகுப்பிலும் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு மூன்றையும் இணைத்த பஞ்சம் மட்டும் தெரிவதில்லை. இதையா ஆழம் என்கிறோம்?

முகாமில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். சிறு தொலைநோக்கி வழியாக வரும் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து, புள்ளிகளைப் பென்சிலால் வரையலாம். சூரியனைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கலிலியோ 1612-இல் செய்ததும் இப்படித் தாளில் வரைந்ததுதான். அவர் நாள் தவறாமல் வரைந்ததால்தான் புள்ளிகள் நகர்வதும், சூரியன் சுழல்வதும் தெரிந்தன. அங்கே ஓவியம் அறிவியலுக்கு அலங்காரமாக வரவில்லை, கருவியாக வந்தது. தினமும் ஒரே நேரத்தில் வரைகிற பிள்ளை பத்தாம் நாள் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

வரலாற்றுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பெரியாற்று அணையைப் பொறியாளர் பென்னிகுவிக் தன் சொத்தை விற்றுக் கட்டினார் என்று நம் பள்ளத்தாக்கில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். சனவரி 15-இல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அணைக்குப் பணம் போட்டதோ சென்னை மாகாண அரசு. அப்படியானால் சொத்து விற்ற கதைக்கு எந்த ஆவணம் சான்று? மெக்கன்சியின் நூலில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கதை எப்போது, ஏன் பிறந்தது? இதைத் தேடச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நன்றி சொல்வதற்கும் நிரூபிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பதினான்கு வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, பிறகு வாட்ஸ்அப்பில் வரும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்பாது. பென்னிகுவிக்கின் பெருமையும் இதனால் ஒரு முழம் குறைந்துவிடாது.

மூன்றாவது பதில் தாழ்வு மனப்பான்மை. நம் ஊரில் என்ன இருக்கிறது என்கிறார்கள். இஸ்ரோ 2019 முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ‘யுவிகா’ என்ற இளம் விஞ்ஞானி முகாம் நடத்துகிறது. நல்ல முகாம்தான். வடுகபட்டிப் பிள்ளை தேர்வாகிப் போனால் ஊரே கொண்டாடலாம். ஆனால் நாடு முழுவதும் சேர்த்து எடுப்பதே சில நூறு பேர். மற்றவர்களுக்கு என்ன வழி? ‘வெளியே போனால்தான் அறிவு’ என்று சொல்லிக்கொண்டே வாசலில் கிடப்பதை மிதித்துப் போகிறோம்.

அவர்கள் ஏளனமாகச் சொல்லும் பூண்டிலிருந்தே தொடங்குகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வட மாநிலப் பூண்டும் வடுகபட்டிச் சந்தைக்கு வந்து இறங்குகிறது. எது மலைப்பூண்டு, எது வரத்துப் பூண்டு என்று வியாபாரி எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எதை வைத்துச் சொல்கிறார்? தோலின் நிறமா, காரமா, பல்லின் கட்டா? அவர் கண்ணும் கையும் அறிந்ததை அளந்து எழுதிப் பட்டியலாக்குவதே ஓர் ஆய்வு. அடுத்த கேள்வி: முழுப் பல் வாசம் அடிப்பதில்லை, நசுக்கினால்தான் அடிக்கிறது, ஏன்? பல்லுக்குள் அல்லியின் என்ற பொருளும் அதை மாற்றும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் சேர்ந்து அல்லிசின் பிறக்கிறது. அதை 1944-இல் பிரித்தெடுத்து, கிருமிகளை அடக்கும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் கேவலிட்டோவும் பெய்லியும். பூண்டில் விதை போடுவதில்லை, பல்லைத்தான் நடுகிறோம். அப்படியானால் ஒவ்வொரு செடியும் தாயின் நகலா? இதற்கு விடை தேடிப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்குப் பேருந்தில் போனால் போதும். சந்தைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவையும் இதுவரை சொல்லாதது யார் குற்றம்?

வைகை அணைக்கு வாருங்கள். 1959 சனவரியில் காமராசர் திறந்து வைத்தார். அதே ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜில் சி.பி. ஸ்னோ என்பவர், விஞ்ஞானிகளும் இலக்கியக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு உலகமாகிவிட்டார்கள் என்று உரையாற்றிப் புகழ்பெற்றார். நமக்கு அந்த உரை தேவையே இல்லை, அணைக்கரையிலேயே சாட்சி இருக்கிறது. நீர்மட்டம் 71 அடி வரை தேக்கும் அணையில் 66 அடியிலேயே முதல் வெள்ள எச்சரிக்கை விடுகிறார்கள், 68.5 அடியில் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. இன்னும் ஐந்து அடி மிச்சமிருக்க ஏன் அவசரம்? நீர் ஏற ஏற அது பரவும் பரப்பும் விரிகிறது. அடியில் ஓர் அடிக்குப் பிடிக்கும் தண்ணீரும் மேலே ஓர் அடிக்குப் பிடிக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. கரையோர மக்கள் ஒதுங்கவும் நேரம் வேண்டும். இது கணக்கு. இதே அணை எழுந்தபோது நீருக்கடியில் போன ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்களில் வைரமுத்துவின் குடும்பமும் ஒன்று. அவர்கள் வந்து சேர்ந்த ஊர் வடுகபட்டி. அவர் எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. அணை எவ்வளவு தண்ணீர் கொடுத்தது என்பதைப் பொறியாளரின் ஏடு சொல்லும். யாரிடமிருந்து எதை எடுத்தது என்பதை நாவல்தான் சொல்லும். ஒன்றை மட்டும் படித்தவருக்கு வைகை அணை பாதிதான் தெரியும்.

பழமை வேண்டுமா? ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் தமிழ்பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த மாட்டு மந்தைப் பூசலைச் சொல்கிறது. சங்கப் பாடல்களில் வரும் ஆநிரைப் போருக்கும் நடுகல்லுக்கும் மண்ணிலிருந்து கிடைத்த சாட்சி அது. பேராசிரியர் கா. ராஜனின் வழிகாட்டலில் களத்தில் அலைந்து அவற்றைக் கண்டவர்கள் ஆய்வு மாணவர்கள். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் நடந்த அகழாய்வை உலகமே பேசுகிறது. அதற்கு முன்னோடியாக, வைகையின் உற்பத்தியிடத்திலிருந்து கடல் வரை கரையோரம் நடந்த களஆய்வில் 293 தொல்லிடங்கள் அடையாளம் காணப்பட்டன. அந்த வைகை பிறப்பது நம் வருசநாட்டு மலையில். சிவகங்கை மாவட்டத்துக்காரர் அருங்காட்சியகம் கட்டிவிட்டார். நாம் இன்னும் ‘நம்மூர்ல என்ன இருக்கு’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருவர் கேட்கலாம்: இதெல்லாம் தெரியாவிட்டால் குடியா முழுகிவிடும்? முழுகாது என்றுதான் நானும் நினைத்திருப்பேன், பொட்டிபுரம் நடக்காமல் இருந்திருந்தால்.

போடி மேற்கு மலையில், பொட்டிபுரம் அருகே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய். 1965-இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் இந்திய விஞ்ஞானிகள் பங்கேற்ற குழு வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்திருந்தது; விட்ட இடத்தை மறுபடி பிடிக்க நினைத்தார்கள். மேலிருந்து விழும் மற்றத் துகள்களைத் தடுக்க ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும், அதற்காக மலை. நியூட்ரினோ மோதிப் பிறக்கும் துகளை வளைத்துப் பார்க்கக் காந்தம் வேண்டும், அதற்காக 50,000 டன் இரும்பு. ஊரில் ஒரு பக்கம் கதிர்வீச்சு வரும் என்ற பயம் பரவியது. நொடிக்குக் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடம்பை ஊடுருவி ஒன்றும் செய்யாமல் போகின்றன என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அந்த விளக்கம் சரி. ஆனால் மக்கள் கேட்டதில் பெரும்பகுதி நியூட்ரினோவைப் பற்றியதே அல்ல. வெடி வைத்தால் ஊற்று என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும், புலி நடமாடும் காட்டுத்தொடர் என்னாகும் என்று கேட்டார்கள். வழக்கு, தடை, மறுபடி வழக்கு என்று ஓடி, 2022-இல் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

திட்டம் நல்லதா கெட்டதா என்பது இக்கட்டுரையின் வழக்கல்ல. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் பெரும்பாலும் தத்தம் பாடத்துக்குள் நின்றே பேசினார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. துகளை அறிந்தவருக்கு அந்த மலையின் மேய்ச்சல் வரலாறு தெரியவில்லை. மலையை அறிந்தவருக்குத் துகள் என்னவென்று சொல்லித் தர யாரும் இல்லை. இரண்டையும் அறிந்து, தன் ஊர்க்காரர்களிடம் தன் ஊர்ப் பேச்சிலேயே எடுத்துச் சொல்லக்கூடியவர் நம் மாவட்டத்தில் நூறு பேர் இருந்திருந்தால், முடிவு எதுவானாலும் அது அறிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். ஆண்டுக்கு ஐம்பது பிள்ளைகளை ஃபர்ஸ்ட் குரூப்புக்கும் ஐம்பது பிள்ளைகளைத் தேர்ட் குரூப்புக்கும் பிரித்து அனுப்பி அந்த நூறு பேரை உருவாக்க முடியாது. நாளைக்கு இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னொரு திட்டம் வரும். அப்போது மேடையில் நிற்கப் போகிறவர்கள் இன்று எட்டாவது படிக்கிறார்கள்.

நான்காவது பதில் சாக்கு. யார் நடத்துவது, காசு எங்கே என்கிறார்கள். இந்த மாநிலத்தில் 1980 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இருக்கிறது. 1987 முதல் அதன் சிறுவர் அறிவியல் இதழ் ‘துளிர்’ வருகிறது. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகப் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்ந்து கட்டுரை படைக்கிறார்கள். முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972-இல் பதினாறு கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், மலிவான பொருட்களோடு கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து கற்க முடியும் என்று முப்பது ஆண்டுகள் காட்டியது. 2002-இல் ஓர் அரசு உத்தரவில் அதை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் அதுவே: முகாம் அரசின் தயவில் மட்டும் நிற்கக் கூடாது, ஊருடையதாக இருக்க வேண்டும்.

ஊரில் என்ன இல்லை? கோடையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டிடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அணையில் மதகு பார்த்தவர், சந்தையில் தராசு பிடித்தவர், வயலில் பூண்டு நட்டவர், கும்மிப் பாட்டு தெரிந்த கிழவி எல்லாரும் இருக்கிறார்கள். வெயிலுக்கு முன் காலை ஏழு முதல் பதினொன்று வரை போதும். தேவைப்படுவது ஒரு தொலைநோக்கி, கட்டுக் கட்டாக வெள்ளைத் தாள், இரண்டு நாள் பேருந்து, காலைச் சாப்பாடு. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆளுக்கு ஆள் நன்கொடை எழுதும் வட்டாரத்தில் இதற்குக் காசு இல்லை என்றால், இல்லாதது காசு அல்ல.

ஆகவே பெற்றோருக்கு ஒரு நேர்மையான ஒப்பந்தம். பத்து நாள் கொடுங்கள். முடிந்ததும் பிள்ளையிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். 71 அடி அணைக்கு 66 அடியில் ஏன் எச்சரிக்கை, பூண்டை நசுக்கும் வரை வாசம் ஏன் ஒளிந்திருக்கிறது, பஞ்சத்துக்கும் கொடைக்கானல் தொலைநோக்கிக்கும் என்ன உறவு என்று மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் அடுத்த கோடையில் டியூஷனுக்கே அனுப்பிவிடுங்கள். நான் மறுத்து எழுத மாட்டேன். பதில் சொல்லிவிட்டு உங்களையே திருப்பி ஒரு கேள்வி கேட்டால், அடுத்த ஆண்டு முகாமுக்கு நீங்களும் வாருங்கள்.